பட்டம் வேண்டாம், பதிவேடு வேண்டும்

சென்ற ஞாயிறு காலை ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். நண்பர் ஒருவர் கையில் ஒரு நோட்டீஸைத் திணித்தார். நெல்லைப் பக்கத்துக்காரர். முப்பது வருஷத்துக்கு முன்னால் கூடுவாஞ்சேரியில் மனை வாங்கி, என்னைப் போலவே இங்கேயே தங்கிவிட்டவர். நோட்டீஸின் சாரம் இதுதான்: ஆங்கிலிக்கன் சபைக் காலத்தில் இருந்த ஆர்ச்டீக்கன் பதவியை நம் சபைகளில் மறுபடியும் கொண்டுவர வேண்டும், அதற்குக் கையெழுத்து வேண்டும்.

"அண்ணாச்சி, நீங்க ஆடிட்ல இருந்தவங்க. உங்களுக்கு நான் விளக்கணுமா? ஆர்ச்டீக்கன்னு ஒருத்தர் இருந்திருந்தா சபைச் சொத்து ஒரு சென்ட் போயிருக்குமா?" என்றார்.

"படிச்சுட்டுச் சொல்றேன்" என்று வாங்கிக்கொண்டேன். படித்தேன். கையெழுத்துப் போடவில்லை. ஏன் போடவில்லை என்று வாசலில் நின்று சொன்னால் சண்டையாகிவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன். அவரும் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்தான்.

முதலில், பெயரே கேள்விப்படாதவர்களுக்காக. டீக்கன் என்பதைத் தமிழ் வேதாகமத்தில் உதவிக்காரர் என்பார்கள், சபை வழக்கில் தியாக்கோனு. ஆர்ச்டீக்கன் என்றால் தலைமைத் தியாக்கோனு. ஆதிச் சபையில் இவருடைய வேலை பிரசங்கம் அல்ல, பணப்பெட்டி. சபைக்கு வரும் காணிக்கையை வாங்கி, கணக்கு வைத்து, ஏழை, விதவை, நோயாளிகளுக்குப் பங்கிட வேண்டும். கி.பி. 258இல் ரோமாபுரியில் கொல்லப்பட்ட லாரன்ஸ் அப்படிப்பட்டவர்தான். "சபையின் பொக்கிஷத்தைக் கொண்டு வா" என்று அதிகாரி கேட்டபோது, ஊரிலுள்ள ஏழைகளைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார் என்பது பாரம்பரியம். இந்தப் பதவியைப் பற்றி எனக்குப் பிடித்த கதை இது ஒன்றுதான். ஏனென்றால் இதற்குப் பிறகு அது வேறு பக்கம் போய்விட்டது.

இங்கிலாந்தில் நார்மானியர்கள் வந்த பிறகு ஒவ்வொரு பேராயத்தையும் சில பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு ஆர்ச்டீக்கனை வைத்தார்கள். பேராயரின் கண் என்று அவரைச் சொல்வதுண்டு. கோயில் கோயிலாகப் போவார். கூரை ஒழுகுகிறதா, பாத்திரங்கள் எண்ணிக்கை சரியா, கல்லறைத் தோட்டத்துச் சுவர் நிற்கிறதா, பதிவேடு எழுதப்படுகிறதா என்று பார்ப்பார். அது மட்டுமா? தனி நீதிமன்றம் வைத்து அபராதமும் போட்டார். அபராதம் போடும் கை சும்மா இருக்குமா? ஆர்ச்டீக்கன் ஒருவன் மோட்சத்துக்குப் போக முடியுமா என்று கேலியாக விவாதிக்கும் அளவுக்கு 12ஆம் நூற்றாண்டிலேயே பெயர் கெட்டுவிட்டது. ஜான் ஆஃப் சாலிஸ்பரி என்ற அறிஞர், ஆர்ச்டீக்கனாகிவிட்ட தன் நண்பருக்கு எழுதிய கடிதத்திலேயே இந்தக் கேலி இருக்கிறது. ஆக, ஆர்ச்டீக்கன் இருந்தால் ஊழல் இருக்காது என்று நினைக்கும் என் நண்பர், அந்தப் பதவியின் சொந்த ஊரில் அதற்கு இருந்த பெயரைக் கொஞ்சம் விசாரிக்கலாம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் இந்தப் பதவியை வெள்ளைக்காரன்தான் கொண்டுவந்தான் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. அதுவும் சரியில்லை. கம்பெனிக்காரன் வருவதற்கு முன்பே மலையாளத்துத் தோமா கிறிஸ்தவர்களுக்கு ஆர்ச்டீக்கன் இருந்தார். பேராயர் மேற்காசியாவிலிருந்து வருவார், பாஷை தெரியாது. ஊரை நடத்தியவர் ஆர்ச்டீக்கன்தான். பகலோமற்றம் குடும்பத்தில் வழிவழியாக வந்த பதவி. ஜாதிக்குக் கர்த்தவ்யன் என்று பட்டம். போர்த்துகீசியர் நெருக்கியபோது 1653 ஜனவரி 3ஆம் தேதி மட்டாஞ்சேரியில் கூனன் குரிசு சத்தியம் நடந்ததே, அப்போது மக்களுக்குத் தலைவராக நின்றவர் ஆர்ச்டீக்கன் தோமாதான். அங்கே ஆர்ச்டீக்கன் என்றால் ஊர் ஜனங்களின் ஆள்.

நமக்கு வந்த ஆர்ச்டீக்கன் அப்படி வரவில்லை. சம்பளப் பட்டியலோடு வந்தார்.

1813ஆம் ஆண்டு சார்ட்டர் சட்டத்தில்தான் கல்கத்தாவுக்கு ஒரு பேராயர், அவருக்குக் கீழே கல்கத்தா, சென்னை, பம்பாய் மூன்றுக்கும் மூன்று ஆர்ச்டீக்கன்கள் என்று பாராளுமன்றம் முடிவு செய்தது. பேராயருக்கு வருஷத்துக்கு 5,000 பவுன், ஆர்ச்டீக்கனுக்கு 2,000 பவுன். எங்கிருந்து? இந்தியாவில் கம்பெனி வசூலிக்கும் வருமானத்திலிருந்து. அந்த வருமானத்தில் செங்கல்பட்டு சீமையின் பங்கு என்ன என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1763லேயே நவாப் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த சீமை இது. பாலாற்றங்கரையிலும் நம் நந்திவரம் ஏரிப் பாசனத்திலும் உழுதவன் கட்டிய கிஸ்தியில், அவன் முகத்தையே பார்க்காத ஒரு ஆர்ச்டீக்கனுக்கும் பங்கு போயிற்று. உழுதவன் எந்தச் சாமியைக் கும்பிட்டான் என்று யாரும் கேட்கவில்லை.

முதல் பேராயர் மிடில்டன் 1814இல் அபிஷேகமானார். சென்னையின் முதல் ஆர்ச்டீக்கன் ஜான் மௌஸ்லி. இப்போது கதீட்ரல் சாலையில் நிற்கிற புனித ஜார்ஜ் ஆலயம் 1815இல் கட்டி முடிந்து, 1816 ஜனவரியில் மிடில்டன் வந்து பிரதிஷ்டை செய்தார். சென்னைக்கென்று தனிப் பேராயர் வந்தது 1835இல்தான். வந்த டேனியல் கோரி அதற்கு முன் கல்கத்தாவின் ஆர்ச்டீக்கன். ஆக இருபது வருஷம் தென்னிந்தியாவுக்கே மூத்த ஆங்கிலிக்கன் குரு ஆர்ச்டீக்கன்தான். ஆனால் அவர் யாரையும் குருவாக அபிஷேகம் பண்ண முடியாது, திடப்படுத்தல் கொடுக்க முடியாது. அதெல்லாம் பேராயர் வேலை. கல்கத்தாவிலிருந்து பேராயர் எப்போது கப்பலேறி வருவார் என்று காத்திருக்க வேண்டும். அப்படி வந்த ஹீபர் 1826 ஏப்ரல் 3ஆம் தேதி திருச்சியில் குளிக்கப் போன இடத்தில் இறந்தே போனார். எல்லை எவ்வளவு பெரியது என்றால், 1824இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸையும் ஒரு ஆர்ச்டீக்கன் பகுதியாக்கிக் கல்கத்தாப் பேராயருக்குக் கீழே சேர்த்தார்கள். கல்கத்தா எங்கே, சிட்னி எங்கே!

நல்லவர்களும் இருந்தார்கள், மறைக்கவில்லை. ஹீபரின் சாப்ளினாக இருந்து பிறகு சென்னை ஆர்ச்டீக்கனான தாமஸ் ராபின்சன் பெரிய பாரசீக அறிஞர். பழைய ஏற்பாட்டைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்தவர். பின்னால் கேம்பிரிட்ஜில் அரபுப் பேராசிரியர் ஆனார். ஆள் கெட்டிக்காரரா என்பதல்ல என் கேள்வி. அந்த நாற்காலி யாருக்காகப் போட்டது? முதன்மையாகக் கம்பெனியின் சாப்ளின்களை மேய்ப்பதற்காக. சாப்ளின்கள் யாருக்காக? கோட்டைச் சிப்பாய்களுக்கும் துரைமார்களுக்கும்.

இதைச் சொன்னால் "தமிழ்க் குருக்களை உண்டாக்கியதே அவர்கள்தானே" என்று பதில் வரும். தரங்கம்பாடியில் ஆரோன் என்ற தமிழர் குருவாக அபிஷேகம் பெற்றது 1733இல். சுவார்ட்ஸ் ஐயர் சத்தியநாதனை அபிஷேகம் செய்தது 1790இல். இருவருமே லுத்தரன் முறைப்படி. சென்னைக்கு ஆர்ச்டீக்கன் வருவதற்கு எண்பது வருஷத்துக்கு முன்பே தமிழன் பிரசங்க பீடத்தில் நின்றுவிட்டான். பிறகு ஆங்கிலிக்கன் சபை இந்தியர் ஒருவரைப் பேராயராக்க 1912 டிசம்பர் வரை ஆயிற்று. அவர் நம் வேதநாயகம் சாமுவேல் அசரியா. நெல்லைச் சீமை வெள்ளாளன்விளைக்காரர். அவரையும் தோர்ணக்கல்லுக்குத்தான் அனுப்பினார்கள். 1814லிருந்து கணக்குப் போட்டால் 98 வருஷம்.

அரசாங்கச் சம்பளம் எப்போது நின்றது? 1930இல் இந்தியச் சபை இங்கிலாந்துச் சபையிலிருந்து சட்டப்படி பிரிந்தது. அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தைப் பாருங்கள். இந்தியர் கைக்கு வராமல் கவர்னர் ஜெனரலே தன் கையில் வைத்துக்கொண்ட விஷயங்களில் ராணுவம் ஒன்று, வெளியுறவு ஒன்று, திருச்சபை விவகாரம் ஒன்று! அதற்கு வருஷத்துக்கு 42 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம், பென்ஷன் தனி. இந்துவும் முஸ்லிமும் கட்டிய வரியில் சாப்ளின் சம்பளம். பிற்பாடு நம்மைப் பார்த்து "நீங்கள் வெள்ளைக்காரன் மதம்" என்று எவனாவது சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. அப்படிச் சொல்ல வைத்த ஏற்பாட்டில் இந்தச் சம்பளப் பட்டியலும் ஒன்று என்பதை நாமாவது தெரிந்துகொள்ள வேண்டாமா?

இன்னொன்று. இதைக் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். செங்கல்பட்டுப் பக்கம் நம் பாட்டன் பூட்டன் காலத்துச் சபைகள் பலவற்றுக்கு ஆங்கிலிக்கன் ஆர்ச்டீக்கனோடு சம்பந்தமே கிடையாது. இது ஸ்காட் மிஷன் பூமி. 1837இல் ஜான் ஆண்டர்சன் சென்னையில் தொடங்கிய பள்ளிதான் பின்னால் கிறிஸ்தவக் கல்லூரியாகி, 1937இல் தாம்பரத்துக்கு வந்தது. செங்கல்பட்டுப் புனித கொலம்பா பள்ளியும் அந்த மிஷன்தான். அவர்கள் பிரஸ்பிட்டேரியன்கள். பேராயரும் கிடையாது, ஆர்ச்டீக்கனும் கிடையாது. குருமாரும் மூப்பர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து முடிவெடுக்கிற முறை. என் தாத்தாவுக்குக் கையெழுத்துத்தான் போடத் தெரியும், ஆனால் மூப்பராக இருந்தார். கூட்டத்தில் ஐயரையே எழுப்பி நிறுத்திக் கணக்குக் கேட்பார் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அந்த ஸ்காட்லாந்துக்காரர்களில் ஆடம் ஆண்ட்ரூ என்று ஒருவர். மெல்ரோசாபுரம் என்ற ஊர்ப் பெயர் இங்கே எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு அவர் பெயரைச் சொன்னால் போதும். சேரி ஜனங்களுக்குக் குடிசை போட்ட இடம்கூட மிராசுதாரனுடையது என்ற நிலைமையை எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர். செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கையின் பேரில் 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணை பிறந்ததும், பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதிலிருந்து வந்ததும் உங்களுக்குத் தெரியும். நம் ஜில்லாவில் கிறிஸ்தவ சபை என்றால் இதுதான் வரலாறு. வெனரபிள் பட்டமும் ஊர்வலமும் அல்ல. அந்த நிலத்துக்கான காகிதம் என்னவாயிற்று என்ற கேள்விக்காக 1994இல் காரணைப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு இரண்டு உயிர் போனதையும் மறக்கக்கூடாது. காகிதம் என்பது சின்ன விஷயமில்லை.

காகிதம் என்று சொல்லும்போதுதான் நண்பரின் பக்கத்தில் இருக்கும் நியாயத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் திட்டிவிட்டு ஒன்றை ஒத்துக்கொள்ளாவிட்டால் அது நாணயமில்லை.

1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 29ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். இங்கிலாந்துச் சபைக் குரு ஒவ்வொருவரும், தான் நடத்திய திருமணங்களின் விவரத்தை வருஷத்துக்கு நாலு தடவை, இரண்டு பிரதியாக, தன் ஆர்ச்டீக்கன் பகுதியின் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். காலாண்டு முடிந்து இரண்டு வாரத்துக்குள் அனுப்ப வேண்டும். அவர் ஒரு பிரதியைப் பதிவுத்துறைத் தலைவருக்கு அனுப்புவார். இந்தப் பக்கமிருந்து வெள்ளைக்காரன் போய்விட்டான், ஆர்ச்டீக்கனும் போய்விட்டார், 1947 செப்டம்பர் 27ஆம் தேதி அதே புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்துவிட்டது. சட்டப் புத்தகத்தில் மட்டும் அந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது, சாவி தொலைந்த பூட்டு மாதிரி.

முப்பத்து நாலு வருஷம் தணிக்கையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பிரிவை எழுதியவனுக்கு நிர்வாகம் தெரியும். எழுதுகிறவன் ஒருவன், பார்க்கிறவன் இன்னொருவன். அசல் ஒரு ஊரில், நகல் வேறு ஊரில். தேதி தவறினால் கேட்க ஒரு ஆள். இதற்கு மேல் பதிவேட்டுப் பாதுகாப்பில் ஒரு தத்துவமும் கிடையாது.

அதன் பலனைப் பாருங்கள். சென்னை ராஜதானியில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் இவற்றின் நகல்கள் வருஷாவருஷம் லண்டனுக்குப் போயின. இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் தனி வரிசையாக இருக்கின்றன. 1850இல் பரங்கிமலையில் கல்யாணம் பண்ணிக்கொண்ட ஒரு பீரங்கிப்படை சார்ஜெண்டின் பேரன் பேத்தி இங்கிலாந்தில் உட்கார்ந்து கணினியில் தேடலாம். அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும். நம் ஜனங்கள் அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

இப்போது என் சித்தி கதை.

சித்திக்குக் கல்யாணம் 1958இல், செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக் கோயிலில். சித்தப்பா அரசாங்க உத்தியோகத்தில் கடைநிலை ஊழியர். அவர் இறந்த பிறகு குடும்ப பென்ஷனுக்கு எழுதினோம். ஆபீஸ் பதிவில் மனைவி பெயராக வீட்டில் கூப்பிடும் பெயர், ரேஷன் கார்டில் ஞானஸ்நானப் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்குத் திருமணப் பதிவின் நகல் கொண்டு வா என்றார்கள். நியாயமான கேள்வி. நானும் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

கோயிலுக்குப் போனேன். கோயில்பிள்ளை நல்ல மனுஷன், பீரோவைத் திறந்து காட்டினார். கீழ்த் தட்டில் பதிவேடுகள் இருந்தன. அட்டை அப்படியே இருந்தது. தூக்கினால் உள்ளே மண். கரையான் 1949லிருந்து 1963 வரை தின்று முடித்திருந்தது. சித்தி பக்கத்தில் நின்றிருந்தார். கையில் அந்த அட்டையை வாங்கித் தடவிப் பார்த்தார். "இதுலதான்டா உங்க தாத்தா கையெழுத்துப் போட்டாரு, எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். ஞாபகத்துக்கு எந்த ஆபீஸில் முத்திரை குத்துவார்கள்?

நகல் எங்காவது இருக்குமா என்று அலைந்தேன். ஒரு பதிவு வேறிடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் எண்ணமே. ஒவ்வொரு இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். "அது எங்ககிட்ட இல்லீங்க, அவங்ககிட்ட இருக்கும்" என்று அடுத்த வாசலைக் காட்டினார்கள். கடைசியில் நோட்டரி பிரமாண வாக்குமூலம், ஊரில் இரண்டு கிழவர்களின் சாட்சி, தாசில்தார் ஆபீஸ் என்று சுற்றிப் பென்ஷன் வந்தபோது பதினான்கு மாதம் ஆகியிருந்தது. பதினான்கு மாதமும் ஐம்பது வருஷம் வாழ்ந்த வாழ்க்கைக்குத் தான் பெண்டாட்டிதான் என்று நிரூபித்துக்கொண்டிருந்தாள் ஒரு எழுபத்தைந்து வயதுக் கிழவி. அவள் அந்தப் பென்ஷனை வாங்கியது மூன்று கிறிஸ்துமஸ் வரைதான்.

சார்ஜெண்டின் கல்யாணத்துக்கு லண்டனில் நகல் இருக்கிறது. சித்தியின் கல்யாணத்துக்குச் செங்கல்பட்டில்கூட இல்லை. இதுதான் என் கோபம். ஆர்ச்டீக்கன் பதவி அவர்கள் ஜனத்துக்குச் செய்த ஒரே உருப்படியான வேலையை, நம் ஜனத்துக்கு நாமே செய்துகொள்ளத் தவறிவிட்டோம். பதவி போனபோது அங்கியோடு சேர்த்து வேலையையும் மூட்டை கட்டிவிட்டோம். இப்போது நண்பர் அங்கியை மட்டும் திருப்பிக் கேட்கிறார்.

நோட்டீஸை நான் மூன்று தடவை படித்தேன். எந்த மேடையில் எந்த இருக்கை, பெயருக்கு முன்னால் ரெவரண்டுக்குப் பதில் வெனரபிள், ஊர்வலத்தில் பேராயருக்கு முன்னாலா பின்னாலா, எல்லாம் இருக்கிறது. பதிவேடு என்ற வார்த்தை ஒரு இடத்தில் இல்லை. கல்லறைத் தோட்டம் இல்லை. பட்டா இல்லை. இப்படி ஒரு பதவியை உண்டாக்கினால் என்ன நடக்கும்? இன்னொரு தேர்தல், இன்னொரு கோஷ்டி, இன்னொரு கார். சபையில் பதவிக்குப் பஞ்சமா இருக்கிறது? பதவிக்கு நிற்பவர்களை எண்ண இரண்டு கை போதாது. பீரோவைத் திறந்து பார்ப்பவர்களை எண்ண ஒரு விரல் போதும்.

"கமிட்டி இருக்கிறதே, செயலர், பொருளர் இருக்கிறார்களே, அவர்கள் பார்க்க மாட்டார்களா" என்பவர்களுக்கும் ஒரு பதில். தன் கணக்கைத் தானே தணிக்கை செய்வது தணிக்கை ஆகாது. நான் யூனியன் ஆபீஸ்களுக்குப் போகும்போது, நல்ல பி.டி.ஓ.வாக இருந்தால் அவரே சொல்வார்: "சார், வெளியாள் பார்த்தாத்தான் எங்க தப்பு எங்களுக்கே தெரியுது." திருட்டைக் கண்டுபிடிக்க மட்டும் தணிக்கை இல்லை. மறதியையும் சோம்பலையும் கரையானையும் கண்டுபிடிக்கத்தான் முக்கால்வாசி தணிக்கை. பதிவேட்டை வேண்டுமென்று அழித்தவனுக்கு அதே 1872ஆம் ஆண்டுச் சட்டத்தில் சிறைத் தண்டனை இருக்கிறது. கரையானை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது?

"இதெல்லாம் காலனி ஆட்சி வழக்கம், நமக்கெதற்கு" என்று இன்னொரு கட்சி உண்டு. நம் இளவட்டங்களில் சிலர். தம்பிகளே, கிஸ்திக் கணக்கும் சர்வே கல்லும்கூட அந்தக் காலத்து வழக்கம்தான். உங்கள் மனைக்கு சர்வே நம்பர் வேண்டாமென்று சொல்வீர்களா? யார் கொண்டுவந்தான் என்று பார்த்துத் தள்ளுவதும், யார் கொண்டுவந்தான் என்று பார்த்துக் கும்பிடுவதும் ஒரே தப்பின் இரண்டு பக்கம். எதற்கு உதவுகிறது, யாருக்கு உதவுகிறது என்று பாருங்கள். இங்கிலாந்துச் சபையில் இன்றைக்கும் ஆர்ச்டீக்கன் தன் பகுதியிலுள்ள கோயில்களை மூன்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது தானோ தன் ஆளோ போய்ப் பார்க்க வேண்டும் என்று சபைச் சட்டம். இலங்கைத் திருச்சபை ஆங்கிலிக்கனாகவே இருப்பதால் அங்கே இன்றும் ஆர்ச்டீக்கன்கள் உண்டு. அவர்களுக்கு அது ஒத்துவருகிறது, இருக்கட்டும். நமக்குப் பெயர் தேவையில்லை, அந்த மூன்று வருஷ விதி தேவை.

என் கோரிக்கை நாலே வரி. நண்பர் நோட்டீஸில் இதைப் போட்டால் முதல் கையெழுத்து என்னுடையது.

ஒன்று: ஒவ்வொரு சேகரத்திலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவேடுகளை முதல் பக்கத்திலிருந்து ஸ்கேன் செய்து, ஒரு பிரதி பேராய அலுவலகத்திலும் ஒரு பிரதி வேறு ஊரிலும் வைக்க வேண்டும். இது ஒரு வாலிபனுக்கு நாலு சனிக்கிழமை வேலை.

இரண்டு: சேகரத்தின் நிலங்கள், கட்டடங்கள், கல்லறைத் தோட்டம் இவற்றின் சர்வே நம்பர், பட்டா, வில்லங்கச் சான்று அடங்கிய ஒரு பட்டியல் தயாராக வேண்டும். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு சென்ட் என்ன விலை போகிறது என்று நமக்குத் தெரியும். வாங்குகிறவனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

மூன்று: வருஷத்துக்கு ஒரு தடவை, அந்தச் சேகரத்தைச் சேராத ஒருவர் வந்து இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். அவர் குருவாக இருக்க வேண்டுமென்பதில்லை. பென்ஷன் வாங்கும் ஆடிட்டர், தாசில்தார், பதிவுத்துறைக்காரர், பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை எத்தனை பேர் நம் பெஞ்சுகளில் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்? பயணப்படி வேண்டாம், ஒரு டம்ளர் காபி போதும்.

நாலு: அவர் எழுதும் அறிக்கையை ஞாயிறு அறிவிப்பில் வரிக்கு வரி வாசிக்க வேண்டும். பேராயரிடம் கொடுத்தால் மட்டும் போதாது. லாரன்ஸ் ஏழைகளைத்தான் பொக்கிஷம் என்று கொண்டுபோய் நிறுத்தினார். பொக்கிஷத்துக்குத் தன் கணக்கைக் கேட்க உரிமை இல்லையா?

நண்பருக்கு இன்னும் ஒரு வார்த்தை. அண்ணாச்சி, உங்கள் தாத்தா ஒரு ஆர்ச்டீக்கனுக்கு மாலை போட்டதாகச் சொன்னீர்கள். சந்தோஷம். என் தாத்தா யாருக்கும் மாலை போட்டதாகத் தெரியவில்லை. கணக்குக் கேட்டதாகத்தான் தெரியும். 1947இல் உங்கள் தாத்தா சபையும் என் தாத்தா சபையும் சேர்ந்தபோது, உங்கள் பக்கத்துப் பேராயர் வந்தார், எங்கள் பக்கத்து மூப்பர் காணாமல் போனார் என்று ஆகிவிடக்கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் ஐக்கியம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் கோயில் ஆபீஸுக்குப் போங்கள். உங்கள் கல்யாணம் நடந்த வருஷத்துப் பதிவேட்டைக் கேளுங்கள். பார்க்கவும், கட்டணம் கட்டி நகல் வாங்கவும் சட்டத்தில் உரிமை உண்டு. இருந்தால் உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தைப் போனில் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். இல்லாவிட்டால் எனக்கு எழுதுங்கள், ஊரும் வருஷமும் போதும். நான் ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். முதல் வரியில் சித்தியின் ஊரையும் 1958ஐயும் எழுதிவிட்டேன்.